உன் மேஜைக் கல்லுக்கு நடந்த மரியாதை

என் அருமைத் தங்கை சென்சிக்கு,

உன் அண்ணன் அலாய்ஸ் எழுதுவது. நான் நலம், என் பசுக்களும் நலம். ஆஸ்பத்திரியில் தூக்கிக் கட்டியிருக்கும் உன் காலும் நலமாகி, சனிக்கிழமை உன் மகள் புர்கியின் கல்யாணத்துக்கு நீ வந்து சேர ஆண்டவர் துணை செய்யட்டும். இதைப் படிக்கும்போது எழுந்திருக்காதே. எழுந்திருக்க உன்னால் முடியாது என்பதும் ஒரு வகையில் நல்லதுதான்.

"சீதன மேஜை சம்பந்தி வீட்டுக்கு முழுசாப் போய்ச் சேர்ந்தாத்தான் என் பொண்ணு கையப் புடிச்சு நீ கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போகலாம், இல்லன்னா உனக்குக் கடைசி பெஞ்சுதான்" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. தகப்பனில்லாத பெண்ணை அழைத்துப் போகும் அந்த நடைக்காகப் புதுத் தொப்பி வாங்கி, கண்ணாடி முன்னால் நடந்து நடந்து தரைப்பலகையே தேய்ந்துவிட்டது. அதனால் மேஜையைப் பச்சைப் பிள்ளை மாதிரி கொண்டுபோனேன். கால்களில் செதுக்கியிருக்கும் தங்க முலாம் தேவதைகளின் மூக்குகளுக்குப் பஞ்சு சுற்றினேன். மேலே உள்ள சலவைக்கல் ஆணியில்லாமல் தன் பாரத்திலேயே உட்கார்ந்திருப்பதல்லவா, அதைத் தனியே எடுத்துக் குதிரைக் கம்பளியில் சுற்றி டிராக்டர் பெட்டியில் நிறுத்தினேன். இந்தக் கல்லின்மேல்தான் ஓர் இளவரசர் முழு வாத்தை வைத்துத் தின்றார் என்று வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். சம்பந்தி வீடு வருவதற்குள் அது ஐந்து வாத்தாகிவிட்டது.

சம்பந்தி க்விரின் வீட்டில் கல்லை ஒற்றை ஆளாகத் தூக்கி இறக்கி, களஞ்சியச் சுவரில் சாய்த்தேன். நாலு பேர் தூக்கும் கல். என் வாயிலிருந்த தொத்திறைச்சிகூடக் கீழே விழவில்லை.

சாயங்காலம் கல்யாணத்துக்கு முந்தின பீங்கான் உடைப்பு. ஊரே ஓட்டைத் தட்டும் கைபிடி போன கோப்பையுமாக வந்து, ஜோடிக்கு அதிர்ஷ்டம் வரட்டும் என்று வாசலில் போட்டு உடைத்தது. ஒரு புண்ணியவான் கழிப்பறைப் பீங்கானையே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். அப்போது தீயணைப்புப் படைக் கோர்பீனியன், "என்னய்யா, பொண்ணுக்குத் தாய்மாமன் வெறுங்கையா வந்திருக்கீரு? ஒரு சாசர்கூடக் கிடைக்கலையா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டான். விடுவேனா? "தட்டு உடைக்கிறதெல்லாம் உங்க பழக்கம். எங்க குடும்பத்துல உடைச்சா ஊரு அதிரணும்!" என்று சொல்லிவிட்டு பீர் ஊற்றப் போனேன். திரும்பிப் பார்த்தால், சுவரோரம் கோணி சுற்றி நின்ற கல்லை அவனும் மூன்று பேரும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடினேன். "மாமா ஆடறாரு டோய்!" என்று பேண்டு வாத்தியத்தை இன்னும் வேகமாக வாசித்தார்கள். கல் கோணிக்குள்ளேயே பொடிப்பொடியாகிவிட்டது. "மாமன்னா இவருதான்யா மாமன்!" என்று என்னைத் தோளில் தூக்கினார்கள். நான் அழுதேன். பாசம் என்று நினைத்துப் புர்கியும் அழுதாள். பிறகு அவளும் மாப்பிள்ளையும் வழக்கப்படி எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டார்கள்.

சம்பந்தியிடம் உண்மையைச் சொன்னேன். மனுஷன் வெளுத்துப்போனார். "எங்க ஊரு ஆளுங்க கையால உங்க தங்கச்சி சொத்தா? கவலய விடுங்க சம்பந்தி. என் கல்லறைக்குன்னு ஒரு சலவைக்கல்லு வாங்கி வச்சிருக்கேன், இன்னும் பேருகூட வெட்டல. அத அளவா அறுத்துப் போட்டுருவோம். சாவ நான் கொஞ்சம் தள்ளி வச்சுக்கறேன்" என்றார். ஆகவே தங்கச்சி, மேஜை முழுசு. சொன்ன சொல்லை நீ மாற்றக் கூடாது.

உன் கால் வலி இறங்கட்டும், அதோடு கோபமும் இறங்கட்டும். குடும்பம் செழிக்கட்டும்.

உன் பாசமுள்ள அண்ணன்,
அலாய்ஸ்

பி.கு.: தொப்பியை எடுக்க இப்போது டிராக்டர் பெட்டிக்குப் போனேன். உன் கல் ஒரு கீறல்கூட இல்லாமல், குதிரைக் கம்பளிக்குள் அங்கேயே நிற்கிறது. ஒற்றை ஆளாக இறக்கினேன் என்றது கொஞ்சம் கூடுதல்தான். "இறக்கி வைங்கப்பா" என்று பையன்களிடம் சொல்லிவிட்டு பீர் குடிக்கப் போனேன். சம்பந்தி காலையிலிருந்து களஞ்சியத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். "இங்கதானே சம்பந்தி, என் கல்லறைக் கல்லக் கோணி சுத்தி சுவருல சாய்ச்சு வச்சிருந்தேன்!" என்கிறார். நானும் அவரோடு சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கடைசி பெஞ்சே போதும், ஆனால் அவருக்குப் பக்கத்தில் வேண்டாம்.