சேற்றுக்கோட்டையில் செட்டியார் கடை

இந்த வருடம் முதல் பரிசு என் வீட்டுக்கு வந்தே தீரும் என்று சபதம் செய்தேன். மனசுக்குள்தான். சத்தமாகச் சபதம் செய்கிற வசதி எங்கள் ஆவடி ஃப்ளாட்டில் கிடையாது.

விரல் உயர வீரர்களை மேஜையில் நிறுத்திச் சண்டை போடும் விளையாட்டு ஒன்று உண்டு. அந்த வீரன் நிற்கிற பீடத்துக்கும் போட்டி நடக்கும். கம்ப்யூட்டரில் வரைந்து, 3டி பிரின்டரில் எடுத்து, வர்ணம் தீட்ட வேண்டும். போன வருடம் என் பீடத்தின் மேல் ஒரு பெரியவர் டீ கப்பை வைத்துவிட்டார். தட்டு என்று நினைத்தாராம். அந்த அவமானம் தீர வேண்டாமா?

போன மாதமே என் மனைவி எழிலரசி கேட்டாள்.

"ஏங்க, அந்த மெஷின்ல என் கொலுவுக்கு ஒரு தெப்பக்குளம் செஞ்சு தாங்களேன்."

"நான் ஆர்ட்டிஸ்ட், எழில். பொம்மைக்குக் குளம் வெட்டற ஆள் இல்லை."

"சரிங்க" என்றாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

பீடம் வளர்ந்தது. இடிந்த கோட்டை, உடைந்த படிக்கட்டு, நடுவில் பாசி பிடித்த சேற்றுக்குட்டை. கறுப்படித்துவிட்டு, காய்ந்த பிரஷ்ஷில் சாம்பல் நிறத்தைத் தொட்டு லேசாகத் தேய்த்தேன். பிளாஸ்டிக் கருங்கல்லாகிவிட்டது! எனக்கே கண் கலங்கியது. மண்ணுக்கு டீத்தூள், மணலுக்கு ரவை. சமையலறை இருக்கும்போது கடைக்கு எதற்குப் போக வேண்டும்?

அங்கேதான் மாட்டினேன்.

"உப்புமா கிண்டலாம்னு பார்த்தா ரவையைக் காணோம். இங்க கோட்டை வாசல்ல கொட்டிக் கிடக்கு. யாருக்குங்க இது?"

"உன் கொலுவுக்குத்தான்!" வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அட! அப்போ கொஞ்சம் பெரிசாவே செய்யுங்க."

புது ரவை பாக்கெட் வந்தது. டீத்தூளும் வந்தது. எனக்கு ஒரே குஷி. போட்டி சனிக்கிழமை. அன்றைக்கு ஆபீஸ் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். பீடத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியது, பரிசோடு வந்து கொலுவில் வைக்க வேண்டியது. என்ன மூளை எனக்கு!

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால், கொலுப்படிக்கு முன்னால் என் கோட்டை. சேற்றில் தெப்பம் மிதக்கிறது. வாசலில் செட்டியார் பொம்மை மளிகைக்கடை பரப்பியிருக்கிறது. ரவை ஏற்கெனவே அங்கே இருந்ததால் சரக்குக்குப் பஞ்சமில்லை. கோடாரி ஏந்திய என் ராட்சச வீரன் கடைக்குக் காவல்.

"எழில், இதை நாளைக்கு மட்டும் எடுத்துட்டுப் போய்..."

"வெச்ச கொலுவை நடுவுல கலைப்பாங்களா? விஜயதசமி வரைக்கும் அசைக்கக் கூடாது."

"அரை நாள்தாம்மா!"

"நாளைக்கு ஆபீஸ்னீங்களே. இதை வெச்சு ஆபீஸ்ல என்ன பண்ணப் போறீங்க?"

பீடத்துக்காக எடுத்துவைத்திருந்த பையை மடித்து அலமாரிக்குள் தள்ளினேன்.

"ஆபீஸ் இல்லைன்னா ரொம்ப நல்லது. நாளைக்கு நம்ம ஃப்ளாட்ஸ் கொலுப் போட்டி. தேங்கா துருவிக் குடுங்க."

சனிக்கிழமை, நடுவராக வந்தவர் பக்கத்துத் தெரு லோகநாயகி அக்கா. பரம்பரையாக இந்த ஊர்க்காரர். கோட்டையைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயே, இன்னாம்மா இது! நெஜக் கல்லு மாரியே கீது! பாசி கூட அப்டியே கீது!"

ஆஹா, புரிந்துகொள்ள ஒரு ஜீவன்! என் நெஞ்சு நிறைந்துவிட்டது. துருவியைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்றேன். முதல் பரிசை அங்கேயே அறிவித்தார்.

"யாரும்மா செஞ்சது? ஊட்டுக்காரரா?"

எழிலரசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"அவர் ஆர்ட்டிஸ்டுக்கா. பொம்மைக்குக் குளமெல்லாம் வெட்ட மாட்டாரு. சுண்டலுக்குத் தேங்கா துருவினாரு."