ஏழாவது வரிக்கு ஆட்சேபம் இல்லை

இந்த ஞாயிற்றுக்கிழமை தூங்கியே தீருவது என்று நாலரை முடிவெடுத்தார். சும்மா கண்ணசருவது இல்லை. காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் தூக்கம். நடுவில் ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடிப்பது. அதுவும் தாகம் இருந்தால்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. நாலரை என்பது ஆபீஸில் விழுந்த பெயர். இணையப் பக்கங்களை எல்லோராலும் வாசிக்க முடிகிறதா என்று சோதிப்பதுதான் அவர் வேலை. எழுத்தின் நிறத்துக்கும் பின்னால் இருக்கும் நிறத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைந்தது நாலரைக்கு ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண் மங்கியவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தை வடிவமைக்கிற பிள்ளைகளுக்கோ வெள்ளை மேல் வெளிர்சாம்பல் என்றால் உயிர்.

"சார், எவ்ளோ நாசூக்கா இருக்கு பாருங்க."

"நாசூக்கா இருக்கு. எழுத்து எங்கப்பா?"

"அங்கதான் சார் இருக்கு."

"விகிதம் என்ன?"

"ரெண்டு சார்."

"நாலரை."

"ரெண்டேகால்ல விட்டுடலாமா சார்?"

"கத்தரிக்கா பேரமா இது? நாலரை."

இப்படி ஒரு நாளைக்கு நாற்பது தடவை. அந்த வாரம் ஓர் ஆஸ்பத்திரியின் இணையதளம் வந்து உட்கார்ந்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பக்கத்துக்கு இருபது நிறம். ஒவ்வொன்றையும் சோதிக்கும் கருவியில் போட வேண்டும். அது சிவப்பாக முகத்தை வைத்துக்கொண்டு 'தேறவில்லை' என்று சொல்லும். புதன்கிழமை வாக்கில் நாலரைக்குக் கண்ணைத் திறந்தாலும் சாம்பல், மூடினாலும் சாம்பல். கையில் கொடுத்த டீயை உற்றுப் பார்த்துவிட்டு "தேறல" என்றார்.

அன்றைக்குப் பார்த்துத்தான் மச்சினன் போன் செய்தான். மனைவியின் ஒரே தம்பி.

"அத்தாஆஆன், நல்லா இருக்கீங்களா?"

அந்த இழுப்பைக் கேட்டதுமே நாலரைக்கு முதுகு வலித்தது.

"என்னப்பா விஷயம்?"

"ஞாயித்துக்கிழமை வீடு மாத்துறேன் அத்தான்."

"மறுபடியுமா?"

"இந்த வீட்ல காத்தே இல்ல அத்தான். புது வீடு நாலாவது மாடி. ஜிலுஜிலுன்னு இருக்கு."

"லிப்ட் இருக்கா?"

"காத்து பிரமாதம் அத்தான்."

மூன்று வருஷத்தில் இது ஐந்தாவது வீடு. வீட்டுக்கு வீடு ஒரு மாடி ஏறும். பீரோவின் கனமான பக்கம் எப்போதும் அத்தானுக்கு. லேசான பக்கத்தை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு, "பாத்து அத்தான், படி வருது அத்தான்" என்று மச்சினன் தைரியம் சொல்லுவான்.

வர முடியாது என்று மனைவியிடம் சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்லிப் பார்த்தவர்தான் நாலரை. மனைவி நில அளவையர். உச்சி வெயிலில், இரண்டு பங்காளிகள் இரண்டு பக்கமும் நின்று கத்த, நடுவில் கொட்டாவி விட்டுக்கொண்டே எல்லைக்கல் நடுகிறவள். அவளிடம் முதுகுவலி என்றால், "எந்த எடத்துல ஆரம்பிச்சு எங்க முடியுது?" என்று கேட்பாள். காட்டினால், "போன தடவ ரெண்டு விரக்கடை மேல காட்டினீங்க" என்பாள்.

அவளுடைய வேலை வழக்கமே வீட்டிலும் வழக்கம். முதலில் அறிவிப்பு. பிறகு கெடு. கெடுவுக்குள் ஆட்சேபம் வராவிட்டால் அதுதான் எல்லை. அப்புறம் உருண்டு புரண்டாலும் கல் நகராது. வீட்டின் அறிவிப்புப் பலகை, நாலரையே செய்து கொடுத்த ஓர் இணையப் பக்கம். இருவர் போனிலும் திறக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், பிடித்த நிறத்தில் எழுதலாம். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குள் மறுப்பு வராத வரியெல்லாம் அந்த வாரத்துச் சட்டம்.

புதன்கிழமை பலகையில் ஆறு வரி இருந்தது. ஒழுகும் குழாய், தைக்கக் கொடுத்த திரைச்சீலை, இப்படி. தம்பி வீடு மாற்றுவது இன்னும் ஏறவில்லை. நாலரை முந்திக்கொண்டார்.

'7. ஞாயிறு முழுவதும் கணவருக்கு ஓய்வு.'

அவ்வளவுதான் எழுதினார். எழுத்து குறைந்தால் கண்ணில் படுவதும் குறையும் என்பது தொழில் அனுபவம். அடுத்து நிறம். இத்தனை வருஷம் எந்த நிறத்தைத் திட்டித் தீர்த்தாரோ அதையே தேடிப் பிடித்தார். வெள்ளைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு சாம்பல். கருவியில் போட்டுப் பார்த்தார். ஒன்று புள்ளி ஒன்றுக்கு ஒன்று. 'தேறவில்லை.' அந்தச் சிவப்பைப் பார்த்து அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

இருந்தாலும் கருவியை மட்டும் நம்பலாமா? கீழ்வீட்டுத் தையல்காரரிடம் போனை நீட்டினார்.

"அண்ணே, இதுல எத்தன வரி தெரியுது?"

தையல்காரர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். "ஆறு."

"நல்லா பாருங்க."

"வெள்ளச் சட்டையில வெள்ள நூலத் தேடிப் பிரிக்கிறவன் நான். ஆறுதான் தம்பி. ஏன், இன்னும் இருக்கா?"

"ஏழாவது ஒண்ணு இருக்கு."

"என்னன்னு?"

"நான் தூங்கப் போறேன்னு."

தையல்காரர் அவரைத் தலையிலிருந்து கால்வரை அளவெடுத்தார். "அத ஏன் ஒளிச்சு வெக்கிறீங்க?"

"உங்களுக்குக் கல்யாணம் ஆகி எத்தன வருஷம்?"

"முப்பது."

"அப்புறமும் கேக்குறீங்களே."

"தப்புதான் தம்பி. கேட்டிருக்கக் கூடாது."

வியாழன் போனது. மனைவி பலகையைத் திறந்து பார்த்தாள், மூடினாள், ஒன்றும் சொல்லவில்லை. தம்பி பேச்சையும் எடுக்கவில்லை. நாலரைக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. பத்து ஏக்கர் தள்ளி நடப்பட்ட கல் கோணலாக இருந்தால் கண்டுபிடிக்கிற பெண். உள்ளங்கையில் இருக்கிற ஒரு வரி தெரியவில்லை. என்ன செய்வது, நிறம் பற்றிய படிப்பு வேறு.

வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரியின் நூற்றுத் தொண்ணூறாவது பக்கத்தில் மூச்சு வாங்கிவிட்டு நாலரை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சோபாவில் உட்கார்ந்தார் என்பதைவிடக் கொட்டப்பட்டார் என்று சொல்லலாம். மனைவி தரையில் உட்கார்ந்து அளவு நாடாவில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடிகாரம் எட்டைத் தொட்டது. அவர் இன்னொரு நிமிஷம் பொறுத்தார். பண்பாடு.

"எட்டு மணி ஆச்சு."

"ஆமா."

"பலகையில இருக்கிற எதுக்கும் ஆட்சேபம் இல்லையே?"

"எனக்கு இல்ல. உங்களுக்கு?"

"எனக்கும் இல்ல."

"ஒரு வரிக்கும் இல்லையே?"

"ஒரு வரிக்கும் இல்ல."

"நல்லதாப் போச்சு."

நாலரை தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்போ ஏழாவது வரியும் சட்டம்தான்."

"ஆமா. ஞாயித்துக்கிழமை பூரா உங்களுக்கு ஓய்வு."

தொண்டையில் இருந்த மீதிச் செருமல் அங்கேயே நின்றுவிட்டது. "அது ஒனக்குத் தெரிஞ்சுதா?"

"புதன்கிழமையே பாத்துட்டேனே."

"எப்படி? கீழ்வீட்டு அண்ணனுக்கே தெரியல."

"உச்சி வெயில்ல நின்னு போனப் பாக்கிறவ நான். ஊரு பூரா போடுற சாம்பல் எல்லாம் எனக்கு எங்க தெரியுது? அதான் போனையே மாத்தி வெச்சிருக்கேன். யாரு என்ன நெறத்துல எழுதினாலும் எனக்குக் கறுப்பு மேல மஞ்சளாத்தான் வரும்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான். ரெண்டு வருஷம் முன்ன, சாப்பாட்டுக்கு நடுவுல, ஒன்றரை மணி நேரம்."

"நீ கேக்கலன்னு நெனச்சேன்."

"எழுந்து போக வழியில்ல. கேட்டேன்."

நாலரை மெதுவாக, "அப்போ ஏன் ஆட்சேபிக்கல?" என்றார்.

"எதுக்கு ஆட்சேபிக்கணும்? வாரம் பூரா கண்ணப் பிதுக்கிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. டீயக் குடுத்தா அதுக்கு மார்க் போடுறீங்க. ஓய்வெடுங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. களைப்பிலா பாசத்திலா என்று பிரித்துப் பார்க்கத் தெம்பில்லை. இவளிடமா தந்திரம் செய்தோம் என்று நெஞ்சு கனத்தது. இனிமேல் கறுப்பில்தான் எழுதுவது என்று மனதுக்குள் சத்தியம்கூடச் செய்தார்.

"உண்மையச் சொன்னா," என்று மனைவி நாடாவைச் சுருட்டினாள், "நீங்க எட்டாவது வரிக்கு ஆட்சேபிப்பீங்கன்னுதான் நெனச்சேன்."

"எட்டாவதா? ஏழோட முடிஞ்சுதே."

"உங்க போன்ல முடிஞ்சிருக்கும்."

தன் போனை அவர் மடியில் வைத்தாள். கறுப்புத் திரை. பளிச்சென்று மஞ்சள் எழுத்து.

'8. மேற்படி ஓய்வு, தம்பியின் புது வீட்டில், நாலாவது மாடியில் எடுக்கப்படும். படுப்பதற்கான கட்டிலைக் கணவரே தூக்கி வருவார்.'

நாலரை அதை இரண்டு தடவை வாசித்தார். வாசிப்பதற்கு வசதியாகத்தான் இருந்தது. குறையே சொல்ல முடியாது.

"இத என்ன நெறத்துல எழுதின?"

"வெள்ளையில. உங்களோடதுல லேசா சாயம் இருந்துச்சு. எனக்கு எதுக்கு அதுகூடன்னு விட்டுட்டேன்."

வெள்ளை மேல் வெள்ளை. ஒன்றுக்கு ஒன்று. இதற்குக் கீழே போக எந்தக் கருவியிலும் இடம் இல்லை.

"சரி," என்றார் நாலரை. எழுந்திருக்கும்போது முதுகு ஒரு சத்தம் போட்டது. "ஞாயித்துக்கிழமை ஒம்போது மணிக்காவது எழுப்பு."

"அஞ்சு மணிக்கு வண்டி வந்துடும்," என்றாள் மனைவி, விளக்கை அணைத்தபடியே. "கீழ தள்ளிப் பாருங்க, அது பதினாலாவது வரி."