நாற்பத்தொரு நண்டும் பதினொரு பேரும்

ஓர் அறிவியல் கட்டுரை உலகத்தைச் சென்றடைய வேண்டுமானால், அது முதலில் சிதம்பரத்தில் ஷரீபாவின் டிடிபி கடைக்கு வந்து சேர வேண்டும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனாலும் இருபத்திரண்டு வருஷமாக நடைமுறை அதுதான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் இவற்றுக்கு நடுவில்தான், அதே கம்ப்யூட்டரில், நண்டையும் இறாலையும் பற்றிய ஆராய்ச்சிகளும் உருவாகி வெளிநாடு போய்க்கொண்டிருந்தன.

ஷரீபா ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கட்டுரையில் இருக்கும் ஆங்கிலம் அவளுக்கு முழுசாகப் புரியாது. ஆனால் கமா எங்கே விழ வேண்டும், எந்தப் பதிப்பகத்துக்கு ஓரம் எத்தனை அங்குலம் விட வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. கவலைப்படுவதும் அத்துப்படி. கரண்ட் போய்விடுமோ, பிரிண்டரில் மை தீர்ந்துவிடுமோ, உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்கும்போது நாற்காலிக் கால் கழன்றுவிடுமோ என்று கடை திறந்ததிலிருந்து மூடுகிறவரை அவளுக்கு ஏதாவது ஒரு கவலை இருந்துகொண்டே இருக்கும்.

இளமதி வந்த அன்றைக்கு அந்தக் கவலைகளோடு இன்னொன்று சேர்ந்துகொண்டது. ஊரில் இருந்த சதுப்புநில உயிரின ஆய்வு நிலையத்தில் அவள் ஆறு வருஷமாக ஆராய்ச்சி மாணவி. பிச்சாவரத்து நண்டுகள் நாற்பத்தொன்றைத் தொட்டியில் வளர்த்து, அவை எப்போது ஓடு கழற்றுகின்றன, எத்தனை கிராம் கூடுகின்றன என்று அளந்து எழுதியிருந்தாள். அந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு அவளுடைய பதிவுக் காலம் முடிகிறது. அதற்குள் ஏதாவதொரு பதிப்பகம் கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் தர வேண்டும்.

"இல்லன்னா ஆறு வருஷமும் போச்சுக்கா. நண்ட வித்திருந்தாலாவது எதுனா கெடைச்சிருக்கும்," என்றாள்.

ஷரீபா மூன்று நாள் உட்கார்ந்தாள். படம் பதினான்கையும் அவளே வரைந்தாள். வரையும்போது பதினேழாம் நம்பர் நண்டு மட்டும் ஒரே வாரத்தில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிப் போயிருப்பதைக் கவனித்து, தசமப் புள்ளி இடம் மாறி விழுந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். இளமதி அசல் நோட்டைப் பார்த்துத் திருத்தினாள். வழிகாட்டிப் பேராசிரியர் அன்பரசு அதே தாளில் நாலு தடவை கையெழுத்துப் போட்டிருந்தார்.

எல்லாம் முடிந்தது. பெயர்ப் பட்டியல் மட்டும்தான் பாக்கி.

முதலில் இரண்டு பெயர். இளமதி, அன்பரசு. கட்டுரையை இயக்குநர் சபாபதியின் பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பித்தபோது, தம்முடைய தலைமையின் கீழ் நடந்த ஆராய்ச்சியில் தம் பெயர் விடுபட்டிருப்பது நிலையத்தின் மாண்புக்கு உகந்ததா என்று அவர் கேட்டார். மூன்றாயிற்று. பிறகு இயக்குநரின் மருமகன். அவருக்குப் பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை குறைந்தது. பிறகு நண்டுத் தொட்டி இருந்த அறைக்குச் சாவி வைத்திருந்தவர். அடுத்த அறைப் பேராசிரியர்கள் நாலு பேர். அவர்களில் ஒருவரைச் சேர்த்ததால் மற்ற மூவரையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

பத்தாவதாக வந்தவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில், நண்டு பிடிக்க அனுமதி தரும் அலுவலகத்தின் கண்காணிப்பாளர் கார்த்திகேசன். கடலூரிலிருந்து பஸ் ஏறி நேராகக் கடைக்கே வந்துவிட்டார். இளமதியின் கோப்பைப் பதினோரு மாதம் மேஜையிலேயே வைத்திருந்தவர் அவர்தான்.

"கட்டுரை எதப் பத்தி? நண்டோட வளர்ச்சியப் பத்தி. அந்தப் பதினோரு மாசத்துல நண்டு வளந்துச்சா இல்லியா? நான் ஒடனே கையெழுத்துப் போட்டிருந்தா வளர்ச்சிக்கு ஏதும்மா டைம்?" என்றார்.

இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு அங்கே யாரும் படித்திருக்கவில்லை.

யாரை யாருக்கு மேலே போடுவது என்பது அடுத்த பிரச்சினை. இயக்குநர் ஒரு குழு அமைத்தார். குழு இரண்டு முறை கூடி, முறுக்கும் காபியும் சாப்பிட்டு, ஷரீபாவிடமே கேட்டுவிடலாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் சித்தப்பா பெயருக்குக் கீழே இறங்கினால் பந்தியில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த அனுபவத்தை வைத்து பத்துப் பேரையும் யாருக்கும் மனஸ்தாபம் இல்லாமல் அடுக்கிக் கொடுத்தாள். குழுவுக்கு அது பிடித்துப்போய், கடைசியில் "மற்றும் நிலையத்தார் அனைவரும்" என்று சேர்க்கச் சொன்னார்கள். அதையும் ஆங்கிலத்தில் சேர்த்தாள். பதிப்பகத்திலிருந்து மறுநாளே பதில் வந்தது. திரு. அனைவரும் அவர்களின் இமெயில் முகவரியை அனுப்பவும்.

அனைவரும் நீக்கப்பட்டார். அந்த வரி காலியாக இருந்தது.

ஷரீபா அதைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம். ஒரு கட்டுரையில்கூட அவளுக்கு ஒரு நன்றி இல்லை. வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, பதினொன்றாவதாகத் தன் பெயரை அடித்தாள். அச்செடுத்த பிரதியைப் பத்துப் பேரும் வாங்கிச் சரிபார்த்தார்கள். ஒவ்வொருவரும் தன் பெயர் வரும் வரைக்கும் படித்து, அங்கே நிறுத்திக் கையெழுத்துப் போட்டார்கள். பதினொன்றாவது பெயர் வரை படித்தவள் இளமதி மட்டும்தான். அவள் சிரித்தாள். பதினேழாம் நம்பர் நண்டு அவளுக்கு நினைவிருந்தது.

பதிப்பகம் இன்னொரு படிவம் கேட்டது. யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று எழுத வேண்டும். கணக்குப் போட்டது என்று எழுதினால் கணக்கைப் பற்றிக் கேள்வி வரும். எழுதியது என்று எழுதினால் படிக்க வேண்டிவரும். எனவே, தீர ஆலோசித்து, ஒன்பது பெரியவர்களும் "நண்டு பிடித்தது" என்ற கட்டத்தில் டிக் செய்தார்கள். ஷரீபாவும் பயந்துபோய் எல்லாரும் செய்த இடத்திலேயே செய்தாள்.

இருபதாம் தேதி கருத்துரை வந்தது. மதிப்பீட்டாளர் எந்த நாட்டுக்காரரோ தெரியாது, ஆனால் வகுத்தல் தெரிந்தவர். நண்டு பிடித்தவர்கள் பத்துப் பேர், நண்டு நாற்பத்தொன்று. ஆளுக்கு நாலு வருகிறது. ஆறு வருஷத்தில் ஒருவருக்கு நாலு நண்டு என்பது வியப்பளிப்பதால், பிடித்தவர் ஒவ்வொருவரும் அதே சதுப்பில் சேற்றில் நின்று, கையில் உயிருள்ள நண்டோடு, இடது கொடுக்கு தெரியும்படி, தேதியும் இடமும் பதிந்த புகைப்படம் ஒரு வாரத்தில் அனுப்ப வேண்டும்.

மறுநாளிலிருந்து ஷரீபாவின் கடையில் கூட்டம். எல்லாரும் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் அடிக்க வந்திருந்தார்கள். இயக்குநருக்கு நிர்வாகப் பொறுப்புகளின் மிகுதி. மருமகனுக்கு முட்டிவலி. சாவிக்காரருக்கு நண்டு ஒவ்வாது. மருத்துவச் சான்று இணைத்திருந்தார். பேராசிரியர்கள் நாலு பேரும் ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். கார்த்திகேசன் கடலூர் ஓட்டல் ஒன்றில் நண்டு வறுவல் தட்டோடு எடுத்த படத்தை அனுப்பிப் பார்த்தார். இடது கொடுக்கு நன்றாகவே தெரிந்தது. மாதிரி உயிரினம் அதன் இயல்பு நிலையில் இல்லை என்று பதில் வந்தது. அவரும் ராஜினாமா. கடைசியாக அன்பரசு வந்து, இளைய தலைமுறைக்கு வழிவிடுவதே தம் கொள்கை என்று எழுதச் சொன்னார்.

மிச்சம் இரண்டு பேர். "நண்டு பிடித்தது" என்பதில் இளமதி டிக் செய்யவில்லை; அவளுக்குப் படம் தேவையில்லை.

"நானும் பேர எடுத்துடறேம்மா," என்றாள் ஷரீபா.

"நீங்களும் போய்ட்டா, பதினோரு பேர்ல பத்துப் பேரு பொய்யின்னு ஆயிடும்க்கா. கட்டுரையத் திருப்பி அனுப்பிடுவாங்க. இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு."

அப்படியாக ஷரீபா, கடையை முதல் தடவையாக வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளில் பூட்டிவிட்டு, பிச்சாவரம் போனாள். படகு கவிழ்ந்துவிடுமோ, பாம்பு இருக்குமோ, கண்ணாடி விழுந்துவிடுமோ என்று கேட்டுக்கொண்டே முழங்கால் சேற்றில் இறங்கினாள். நாற்பத்தொரு நண்டையும் உண்மையில் பிடித்துக் கொடுத்த தங்கம்மாள், வேர்களுக்கு நடுவில் கையை விட்டு ஒரு நண்டை வெளியே எடுத்தாள்.

"பின்னாலேர்ந்து புடி, பாயம்மா. முன்னால கை வெச்சா அது வுடாது."

ஷரீபா பிடிக்கவில்லை. பிடிப்பது போல் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டாள். தங்கம்மாள்தான் பிடித்திருந்தாள். இளமதி படம் எடுத்தாள்.

கடைக்கு வந்து ஷரீபா படத்தைத் திறந்தாள். பாஸ்போர்ட் படத்தில் தோளுக்குப் பின்னால் நிற்கும் மச்சானை நீக்குவது அவளுக்கு அரை நிமிஷ வேலை. தங்கம்மாளின் கை நண்டுக்கு அடியில் கறுப்பாக, நரம்பு தெரிய, தெளிவாக விழுந்திருந்தது. ஷரீபா கொஞ்சம் கவலைப்பட்டாள். பிறகு மணிக்கட்டு வரைக்கும் வெட்டி, மீதியைச் சேற்று நிறத்தில் மெழுகினாள். நண்டு அவள் கையில் இருந்தது.

முப்பதாம் தேதி மத்தியானம் ஏற்புக் கடிதம் வந்தது.

ஐந்து வருஷம் கழிந்தது. ஷரீபாவின் பெயர் இருந்தால் கட்டுரை திரும்பாது என்று நிலையத்தில் ஒரு நம்பிக்கை ஏற்பட்டு, அதை இயக்குநரே ஒரு கூட்டத்தில் சூசகமாகக் குறிப்பிட்டார். அவள் பெயரில் இப்போது பதினாறு கட்டுரைகள். "என் நண்டு ஆராய்ச்சி" என்று பேச்சுவாக்கில் சொல்வாள். ஒரு விழாவில் பொன்னாடைகூடப் போட்டார்கள்.

இளமதி கடலூரில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியை ஆகியிருந்தாள். ஒருநாள் தன் ஆராய்ச்சி மாணவன் ராஜ்கமலோடு கடைக்கு வந்தாள். அவன் மூன்று வருஷமாக ஆற்று முகத்துவாரத்தில் மட்டிச் சிப்பியை அளந்திருந்தான். ஷரீபா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தாள்.

"என் பேரு எத்தினியாவது?"

"நாலாவதுக்கா. எனக்கு அப்புறம் பிரின்ஸிபால், செயலாளர்," என்றாள் இளமதி.

"நண்டுல ரெண்டாவதா இருந்தேன்."

கொஞ்ச நேரம் பேசி, செயலாளருக்கு மேலே மூன்றாவது என்று முடிவாயிற்று. இந்தப் பதிப்பகம் ஆறு பேருக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. செயலாளரின் மகளும் தம்பியும் சேர்ந்தபோது ஆறு நிறைந்தது.

"என் பேருங்க," என்றான் ராஜ்கமல்.

"உனக்கு வயசு இருக்குப்பா. நன்றியுரைல போட்டுக்கலாம்," என்றாள் இளமதி. ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னாள்.

ஷரீபா கடைசிப் பக்கத்துக்குப் போனாள். நன்றியுரை மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. மூன்று வரியும் நிரம்பியிருந்தது. முதல் இரண்டு வரியில் கல்லூரி நிர்வாகம். மூன்றாவது வரியில், மூன்று வருஷமும் மட்டி எடுத்துக் கொடுத்த தங்கம்மாள்.

"இந்த ஒரு வரியத் தூக்கிட்டா ஒனக்கு எடம் கெடைக்கும். என்னா சொல்ற?"

ராஜ்கமல் திரையில் இருந்த அந்த வரியைப் பார்த்தான். தங்கம்மாள் கொடுத்த மீன் குழம்பு எத்தனை நாள் சாப்பிட்டிருப்பான் என்பது அவனுக்கே கணக்கில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஷரீபாவுக்கு, கரண்ட் போவதற்குள் இவன் ஒரு முடிவுக்கு வர வேண்டுமே என்று கவலையாக இருந்தது.

"சரிங்க மேடம்," என்றான்.

அதுவரை அவன் ஷரீபாவை அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.