ட்ரெபிள் பாயின் மூக்கு

தர்மபுரி மாவட்டம் முழுக்கத் தேடினாலும், மூக்கை வைத்துத் தொழில் செய்தவர் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். சமையல்காரரும் ஊதுவத்திக்காரரும் மூக்கால்தானே பிழைக்கிறார்கள் என்று யாராவது சண்டைக்கு வரலாம். அவர்கள் வாசனை பிடிப்பவர்கள். நான் சொல்வது, மூக்கு நுனியால் தொட்டுத் தொட்டு மைக்செட்டை இயக்கிய மனிதரை. குரலைக் கூராக்கும் ட்ரெபிளைப் பற்றியே எந்நேரமும் பேசுவதால் பாப்பிரெட்டிப்பட்டியில் அவருக்குப் பெயர் ட்ரெபிள் பாய். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் அங்கே ஒன்றிய அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். விழா என்று வந்தால் பந்தல், மாலை, சோடா, மைக்செட் எல்லாம் என் தலையில்தான் விழும். பாயின் வீடு நான் குடியிருந்த வீட்டுக்கு எதிர் வீடு. அதனால் மைக்செட்டைத் தேடி நான் அலைந்ததில்லை. அதுவே காலையில் "ஹலோ, ஹலோ" என்று என்னை எழுப்பிவிடும்.

மனிதர்கள் பேசுவது பாய்க்குப் பேச்சாகக் கேட்காது, சத்தமாகத்தான் கேட்கும். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தன் மாமனார் இறந்துவிட்டதாகச் சொல்லி ரேடியோ குழாய் கட்டக் கூப்பிட வந்தார். பாய் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "உங்க குரல்ல ட்ரெபிளே இல்லீங்களே. சளி புடிச்சிருக்குதா?" என்றார். வந்தவர் அழுவதா திட்டுவதா என்று தெரியாமல் நின்றார்.

மைக்கை யாராவது விரலால் தட்டினால் பாய்க்கு ஆகாது. ஊதினால் அதைவிட ஆகாது. எங்கள் ஒன்றிய அதிகாரியான பி.டி.ஓ. ஒருமுறை சுதந்திர தின விழாவில் "ஃபூ, ஃபூ" என்று ஊதிவிட்டுப் பேச ஆரம்பித்தார். குழாயில் சத்தம் வரவில்லை. ஓரமாக நின்ற பாய் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார்.

"என்ன பாய் இது? சார் பேசறாரு!"

"பேசட்டுங்க. மொதல்ல ஊதுனதுக்கு ஒரு மன்னிப்பு சொல்லச் சொல்லுங்க. அது என்ன அடுப்புங்களா?"

நான் கெஞ்சிக் கூத்தாடி ஒயரைச் சொருக வைப்பதற்குள் பி.டி.ஓ. பாதிச் சுதந்திரத்தை வாங்கி முடித்திருந்தார்.

இப்படி இருந்த மனிதரிடம்தான் அந்த மிஷின் வந்து சேர்ந்தது.

பாயின் மனைவி ஹாஜிராவை நான் ஹாஜிராக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தம்பி அன்வர் துபாயில் வேலையில் இருந்தான். அந்தக் காலத்தில் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வந்து போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவது வழக்கம். ஹாஜிராக்கா தம்பிக்கு ஒரு கேசட் பேசினார். "அம்மில அரைச்சு அரைச்சு கை கழண்டு போச்சுடா. வரும்போது எனக்கொரு மிக்ஸி கொண்டாடா" என்றார். பதிவு செய்தது பாய். ட்ரெபிளைக் கொஞ்சம் தூக்கி, கனம் கொடுக்கும் பேஸைக் கொஞ்சம் இறக்கி, அக்காவின் குரலைத் 'தெளிவாக்கி' அனுப்பினார். துபாயில் அன்வர் காதில் அது "மிக்ஸர்" என்று விழுந்தது. மச்சானுக்கு மைக்செட் தொழில், அக்கா கேட்பது சவுண்ட் மிக்ஸர் என்று முடிவு கட்டி, இருப்பதிலேயே புதுசான ஒன்றைச் சுமந்துகொண்டு வந்துவிட்டான்.

பெட்டியைப் பிரித்தபோது நானும் இருந்தேன். கறுப்பாக ஒரு சாமான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. திருகு இல்லை, பட்டன் இல்லை. கரண்ட் கொடுத்ததும் கண்ணாடிக்குள் பச்சைப் பச்சையாய்க் கோடுகள் எழுந்து குதித்தன. அன்வர் விரலால் லேசாகத் தொட்டான். ஒரு கோடு உயர்ந்தது, அறையில் பாடிக்கொண்டிருந்த பாட்டு கணீரென்று ஆனது. இன்னொன்றைத் தொட்டான். அதே பாட்டு கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"கம்ப்யூட்டர் மச்சான். தொட்டாப் போதும்."

"மிக்ஸி எங்கடா?" என்றார் ஹாஜிராக்கா.

"இதாங்க்கா நீ கேட்ட மிக்ஸர்."

அக்கா தம்பியைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார். பாய் கண்ணாடியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. "டேப்புல பிசிறடிச்சிருக்கும்" என்று மட்டும் முணுமுணுத்தார். அன்று எதிர் வீட்டில் அம்மிச் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

அன்வர் லீவு முடிந்து கிளம்பிப் போனான். அதன்பிறகுதான் சிக்கல் தெரிந்தது. பாய் தொட்டால் மிஷின் அசையவில்லை. கட்டை விரலால் தொட்டார், ஆள்காட்டி விரலால் தொட்டார், பத்து விரலாலும் தொட்டார். கோடுகள் அவரைச் சட்டையே செய்யவில்லை. வருஷக்கணக்காகச் சால்டரிங் ராடு பிடித்து, சூடான ஈயச் சொட்டைக் கையாலேயே எடுத்துப் போட்ட விரல்கள் அவை. நுனியெல்லாம் காய்த்துப் போய் மாட்டுக் கொம்பு மாதிரி இருக்கும். கொதிக்கிற டீ கிளாஸை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு கதை பேசுவார். அந்தத் தோலை மிஷின் மனிதத் தோலாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

விரலில் எண்ணெய் தடவினார். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தார். முழங்கையால் முயற்சி செய்தார். கடைசியில் வெறுத்துப் போய், உள்ளே என்னதான் இருக்கிறது என்று கண்ணாடிக்கு மிக அருகில் குனிந்து பார்த்தபோது, மூக்கு நுனி பட்டது. சட்டென்று ஒரு கோடு உயர்ந்தது.

"கிளார்க் சார்!" என்று தெருவைத் தாண்டி என் வீட்டுக்கு ஓடிவந்தார். "ஆண்டவன் எனக்கு வெரல தப்பான எடத்துல வெச்சிட்டானுங்க!"

அன்றிலிருந்து மூக்குதான். மாரண்டஹள்ளியில் ஒரு கல்யாணம். பாட்டுக்குப் பாட்டு அவர் மிஷினை நோக்கிக் குனிந்து எழுவதைப் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, மிஷின் முன்னால் ஒரு வெற்றிலைத் தட்டு வைத்துக் கும்பிட்டார். இன்னொருவர், "மைக்செட்டுக்காரருக்கு மயக்கம் வருது போல, சோடா குடுங்கப்பா" என்றார். பாய் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்.

தீர்த்தமலைத் திருவிழாவில் மூக்குக்கு ஜலதோஷம் வந்துவிட்டது. முனியம்மா என்ற பெண்மணியைக் காணோம் என்று அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தபோது பாய் மிஷின் மேலேயே தும்மிவிட்டார். கோடுகள் எல்லாம் கலைந்து எக்கோ முழுசாக ஏறிக்கொண்டது. "முனியம்மா, அம்மா, அம்மா, மா, மா" என்று மலை முழுக்க முழங்கியது. எங்கெங்கிருந்தோ நாலைந்து முனியம்மாக்கள் பதறிப்போய் ஓடி வந்தார்கள். காணாமல் போனவர் அவர்களில் இல்லை. அவர் சாமி கும்பிட்டு முடித்து, சாவகாசமாகக் கடைசியில் வந்து, "எதுக்கு இந்தக் கத்து கத்தறீங்க?" என்று பாயைத்தான் திட்டினார்.

நிற்க. ஒன்றிய அலுவலகத்துக்குப் புதுக் கட்டடத் திறப்பு விழா வந்தது. அமைச்சர் வருகிறார். பி.டி.ஓ. என்னைக் கூப்பிட்டார்.

"மைக் கீச்சுன்னு ஒரு தடவ கத்துச்சுன்னா, அடுத்த விழாவுக்கு அரூர்க்காரரோட செட்டுதான். உங்க எதிர் வூட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க."

சொன்னேன். பாய் முகம் சுருங்கிவிட்டது. கல்யாணமும் திருவிழாவும் மாசத்தைப் பொறுத்து வரும், போகும். வருஷம் முழுக்க அடுப்பு எரிந்தது எங்கள் அலுவலக விழாக்களால்தான். விழாவன்று காலையில் முதல் ஆளாகப் போய்ப் புளியமரத்தில் ஏறிக் குழாய் கட்டினார். கிளைக்கு அந்தப் பக்கம் தேன்கூடு இருந்ததை அவர் பார்க்கவில்லை. கீழே இறங்கியபோது முகத்தில் மூக்கு மட்டும்தான் இருந்தது. சின்னக் கத்தரிக்காய் அளவு.

வீங்கினால் என்ன என்று அதை வைத்துத் தொட்டுப் பார்த்தார். அது ஒரே நேரத்தில் மூன்று கோடுகளைத் தொட்டது. குழாயிலிருந்து ரயில் வண்டி கிளம்புகிற சத்தம் வந்தது.

"மிஷினை விட்டுட்டுப் பழையபடி ஆம்ப்ளிஃபையர்ல நேரா குடுத்துடலாமே பாய்?" என்றேன்.

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "அதுல இருந்த திருகையெல்லாம் எப்பவோ கழட்டிட்டனுங்க. இனிமே எதுக்குன்னு, அவ சமையக்கட்டு அலமாரிக்குக் கைப்புடியா போட்டுட்டேன்."

பியூன் ராஜுவைத் தொடச் சொன்னோம். அவர் காலிங் பெல் அழுத்துகிற மாதிரி அழுத்தினார். நான் தொட்டேன். பாய் சொன்ன கோடு ஒன்று, நான் தொட்ட கோடு வேறொன்று. தவிர, நான் மாலையோடு வாசலில் நிற்க வேண்டியவன். அமைச்சர் தர்மபுரியிலிருந்து கிளம்பிவிட்டதாகத் தகவலும் வந்துவிட்டது.

"ஹாஜிராக்காவைக் கூப்பிடுவோமா?" என்றேன்.

பாய் கையிலிருந்த ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். வீங்கிய மூக்குக்கு மேலே இருந்த கண்கள் கொஞ்சம் கலங்கின. அது வலியாகவும் இருக்கலாம்.

நான்தான் சைக்கிளில் போனேன். அக்கா அம்மி முன்னால் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அரைப்பதை நிறுத்தவில்லை.

"தம்பி, எங்க நிக்காஹ்ல அவரு என்ன பண்ணுனாருன்னு தெரியுமா? குழாய் கொரகொரன்னு இழுக்குதுன்னு, பந்தியில பாதியில எழுந்து கூரை மேல ஏறுனவரு, எல்லாருஞ் சாப்புட்டு கை கழுவற வரைக்கும் எறங்கலீங்க. மாப்பிள எங்க, மாப்பிள எங்கன்னு எங்க வூட்டு ஆளுங்க தேடறாங்க. நான் அண்ணாந்து பாக்கறேன். மேல காலு மட்டும் தெரியுது. அன்னிக்கிருந்து நான் மைக் கட்டற எடத்துக்குப் போறதில்ல."

"இன்னைக்கு மைக் கெட்டுப் போச்சுன்னா இனிமே ஆபீஸ் வேலை பாய்க்கு வராதுங்க்கா."

குழவி நின்றது. அக்கா கை கழுவிக்கொண்டு உள்ளே போனார். புர்காவைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், "மிக்ஸி வாங்கித் தரச் சொல்லுங்க. அத மொதல்ல சொல்லச் சொல்லுங்க" என்றார்.

மேடைக்குப் பின்னால் படுதா கட்டி மிஷினை அங்கே வைத்தோம். பாய் வந்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"வாங்கித் தரேன்" என்றார் பாய், ஆம்ப்ளிஃபையரைப் பார்த்து.

"எப்ப?" என்றார் அக்கா, மிஷினைப் பார்த்து.

"அடுத்த வாரம். சேலத்துக்குப் போயி."

அக்கா விரலை எடுத்துக் கண்ணாடியில் வைத்தார். கோடுகள் அந்த விரலுக்காகவே காத்திருந்தவை போல எழுந்து நின்றன.

ஏற்பாடு இதுதான். பாய் கூட்டத்துக்கு நடுவில் நின்று கேட்பார். கையை உயர்த்தினால் ட்ரெபிளைக் கூட்ட வேண்டும், இறக்கினால் குறைக்க வேண்டும். படுதாவின் ஓட்டை வழியே அக்கா பார்ப்பார். அமைச்சர் பேச எழுந்ததும் பாய் கையை உயர்த்தினார். கூடவில்லை. இன்னும் உயர்த்தினார். கூடவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தினார். அமைச்சர் தனக்குத்தான் வாழ்த்து என்று நினைத்து அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

பாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு படுதாவுக்குப் பின்னால் ஓடினார். விபரீதம் என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ட்ரெபிள ஏத்துன்னு எத்தன தடவ கை காட்டறது?"

"ஏத்த மாட்டேன். காது கூசுது."

"யாருக்குக் கூசுது?"

"ஊருக்கே கூசுது. எத்தன வருசமா கூசுது. உங்ககிட்டச் சொல்றதுக்குத்தான் ஆளில்ல. போயி நின்னு கேட்டுப் பாருங்க."

பாய் திரும்பிப் போய்ப் பந்தல் ஓரமாக நின்றார். நானும் அப்போதுதான் கவனித்தேன். பாய் மைக்செட் என்றால் முன்வரிசைக் கிழவர்கள் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்காருவார்கள். அன்று துண்டு தோளில் கிடந்தது. அமைச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. என்ன பேசினார் என்பது யாருக்கும் நினைவில்லை. ஆனால் முழுசாகக் காதில் விழுந்தது. பாய் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கடைசி வரை அசையாமல் கேட்டார்.

விழா முடிந்ததும் பி.டி.ஓ. அவரைத் தட்டிக்கொடுத்தார். "இன்னைக்குத்தான் பாய் மைக் மைக்கா இருந்துச்சு."

"நானில்லீங்க. வூட்லதான் பண்ணுனாங்க" என்றார் பாய். மனைவியை அவர் மரியாதை கொடுத்துச் சொன்னதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மிக்ஸி வந்தது. அது ஓடும்போதெல்லாம் "பேஸே இல்ல" என்று பாய் குறை சொல்வது தெரு வரைக்கும் கேட்கும். மூக்கு பழைய அளவுக்கு இறங்கிய பிறகும் அதற்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. எந்த விழாவானாலும் இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். மிஷின் அக்கா மடியில், குழாய் பஸ்ஸின் தலைமேல், ஒயர்ச் சுருள் பாயின் தோளில். சண்டை வழி நெடுக.

எனக்குக் கிருஷ்ணகிரிக்கு மாற்றல் வந்தபோது அலுவலகத்தில் சின்னதாக ஒரு பிரிவு உபசாரம் நடந்தது. இருபது பேர் கூடுகிற அறைக்கு மைக் எதற்கு? யாரும் சொல்லவில்லை. பாயே குழாயோடு வந்து கட்டிவிட்டார். நான் பேசினேன். பாதியில் நாலு வார்த்தை அழுகையோடுதான் வந்தது. தெரு முழுக்கக் கேட்டிருக்குமே என்று எனக்கு ஒரே வெட்கம்.

வெளியே வந்ததும், வாசலில் மிஷினோடு உட்கார்ந்திருந்த ஹாஜிராக்காவிடம், "ரொம்ப அசிங்கமா இருந்துச்சாக்கா?" என்று கேட்டேன்.

"வெளிய ஒண்ணுமே கேக்கல தம்பி. சார் அழுவாரு, அந்த எடத்துல கொறச்சிரு, ஊருக்கெல்லாம் அது எதுக்குன்னு அவருதான் காலையிலயே சொல்லி வெச்சாரு."

பாய் ஏணி மேல் நின்று குழாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் கீழே போய் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பேசாதீங்க கிளார்க் சார், உங்க குரல்ல இன்னும் ட்ரெபிள் நடுங்குது" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் இறங்குகிற வரைக்கும் நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.