நான் பாடாத ஐந்து சரணங்கள்

என் தங்கை மகனுக்குப் பெரியம்மா எழுதுவது. நான் நலம். நீயும் குடும்பத்தாரும் நலம் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். எழுபத்தாறு வயதில் எனக்குப் பாட்டுக்காரி ஆகும் ஆசை வந்துவிட்டதாக எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பேசிக்கொள்கிறார்கள். பொய். போன மாதம் நீ வந்து, "பெரியம்மா, ஸ்கூல்ல பாடின பாட்டு ரெண்டு வரி பாடுங்க, சும்மா ஒரு ஞாபகத்துக்கு" என்று கைப்பேசியை நீட்டினாய். பாடினேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். அந்த இரண்டு வரியைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, நீ எழுதிய ஐந்து சரணத்தையும் என் குரலிலேயே பாடவைத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாயே, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

பாட்டின் கருத்தில் எனக்குக் குறையில்லை. மலையைக் குடைந்தான், ஆற்றைப் புட்டியில் அடைத்தான், எல்லாவற்றையும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு இப்போது தன்னையே தேடுகிறான், போதும் மனிதா என்கிறாய். நியாயம். அதைப் பாட உனக்கு ஒரு மனுஷி அகப்படவில்லையா?

செவ்வாய்க்கிழமை எங்கள் லிஃப்ட் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே என்னோடு ஆறு பேர், அதில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எதையும் சும்மா விடுகிறவர் இல்லை, அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரரின் கைப்பேசி அடிக்கிறது, "மேலே மேலே போகிறாயே, மனிதா, எங்கே இறங்குவாய்?" என்று என் குரல்! எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "பாட்டுல கேட்டது போதும்மா, எங்க எறங்கறதுன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றார் தலைமையாசிரியர். கதவு திறக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் இன்னும் மூன்று முறை அடித்தது.

அதையாவது பொறுத்துக்கொள்வேன். அன்று மாலை என் மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டால், "அம்மாவா? நெஜமா நீதானா? எங்க, கொஞ்சம் திட்டு பாப்போம்" என்கிறாள். பெற்ற மகளிடம் நான் நான்தான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. திட்டினேன். நம்பினாள்.

இன்னொன்று. நான்காம் சரணத்தில் ஐந்து வரியை மூச்சே விடாமல் பாடுகிறேன். கண்ட இடத்தில் மூச்சு விட்டால் எங்கள் கான்வென்ட் சிஸ்டர் ஸ்கேலால் அடிப்பார். விடவே இல்லையென்றால் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட்டிருப்பார்.

ஆகவே அந்தப் பாட்டிலிருந்து என் குரலை உடனே எடுத்துவிடு. உன் மனைவிக்கும் மகளுக்கும் என் அன்பு. உனக்கும் ஆசி உண்டு, எடுத்த பிறகு.

இப்படிக்கு,
உன் பெரியம்மா

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன், அந்த நான்காம் சரணத்தை முறையாக மூச்சு விட்டுப் பாடிப் பார்த்தேன். எதிர்வீட்டு டாக்டரம்மா கதவைத் தட்டி, "ரேடியோவக் கொஞ்சம் கொறைச்சு வைங்க ஆன்ட்டி" என்றாள். என் வீட்டில் ரேடியோவே கிடையாது. ஆகையால் எதையும் எடுக்காதே. ஐந்து சரணத்தையும் நானே வந்து பாடித் தருகிறேன். உன் பெயருக்கு மேலே என் பெயர் வர வேண்டும். ஐந்து போதாது, ஆறாவதும் எழுது. எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதைக் கடிதத்தில் எழுதித் தெரிவி.