துரை பூட்டி வைத்த அடுப்புக் குமிழ்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கு நான் நலம். நீயும் அத்தானும் நலமாகத்தான் இருப்பீர்கள். தொலைவில் இருந்துகொண்டு யோசனை சொல்கிறவர்களுக்கு என்றைக்கு உடம்புக்கு வந்திருக்கிறது?

நம் துரைக்குக் கணக்கு வராது, வலது கை சொன்ன பேச்சைக் கேட்காது, அதட்டலுக்கு மட்டும் குறைவில்லை. அதனால்தான் தம்பிக்கு அந்தப் பட்டப்பெயரே வந்தது. அம்மாவுக்குப் பிறகு அவனை நான் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன், நீ தொலைபேசியில் பார்த்துக்கொண்டாய். பகல்நேர மையத்துக்கு அனுப்பு என்றாய். வேனில் ஏறும்போது விழுவான் என்றேன். வீட்டுக்கே ஓர் உதவியாளை வரச் சொல் என்றாய். கண்டவர்களை உள்ளே விடமாட்டேன் என்றேன். கடைசியில் சேர்ந்து வாழும் வீடு ஒன்றைப் பிடித்தாய்: மூன்று பேர், ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு சாவி, காலையும் மாலையும் வந்து உதவ ஒரு பெண். அதையும் என்னைக் கேட்காமல் அவனையே கேட்டாய். அவனும் "போறேன்"னுட்டான். நாற்பது வயதில் அவனுக்கு ஒரு கருத்து!

அவன் சுட்டுக்கொள்ளக் கூடாதென்று கேஸ் அடுப்பின் குமிழ்களை உருவிப் பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் போனவன் நான். பேனா என்று நினைத்துக் குமிழை மேலதிகாரியிடம் நீட்டியிருக்கிறேன். பதவி உயர்வு ஏன் வரவில்லை என்று கேட்பாயே, அதுதான். அவன் அந்த வீட்டுக்குக் குடிபோன பிறகும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, அந்த வீட்டின் லட்சணத்தைப் பார்த்து அவனைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று கிளம்பினேன். மணியடித்தேன்.

"யாரு?"

"நான்தாண்டா."

"நான்னா?"

"உன் அண்ணன்டா!"

"இருண்ணா, துணி மடிச்சிட்டிருக்கேன்."

வாசலில் நிற்கிறேன் அக்கா, விற்பனைக்கு வந்தவன் மாதிரி. அப்போது வந்து சேர்ந்த உதவிப் பெண்ணும் பக்கத்தில் நின்றுகொண்டு, "அவங்க வீடு சார். அவங்க திறந்தாத்தான் நானே உள்ள போவேன்" என்கிறாள்.

உள்ளே குறை தேடினேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை, கட்டிலருகே அழைப்பு மணி. எரிச்சலாக வந்தது. தூசியாவது இருக்குமென்று அலமாரி மேல் விரலை வைத்தால், துரை ஒரு துணியை நீட்டி, "அப்படியே தொடைச்சிடுண்ணா" என்றான். பிறகு தேநீர் போட்டான். அவனே! கெட்டிலை ஒரு தாங்கியில் பொருத்தி வைத்திருக்கிறார்கள். தூக்க வேண்டாம், இடது கையால் சாய்த்தால் போதும். எனக்கு வியர்த்துவிட்டது. கைக்குட்டையை உருவினேன், குமிழ்கள் தரையில் உருண்டன.

"இது நம்ம வீட்டு அடுப்போடதுல்ல? ஏன் பையில வெச்சிருக்க?"

"நெருப்பு ஆபத்துடா. குடு."

அவ்வளவுதான். குமிழ்களைப் பொறுக்கித் தன் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"அப்ப நீயும் தொடாத. தனியா இருக்க, சுட்டுக்குவ. சாயங்காலம் இங்க வா, நான் டீ போட்டுத் தரேன்."

உதவிப் பெண்ணிடம் முறையிட்டேன். "அவங்க இழுப்பறை சார்" என்கிறாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அன்றிலிருந்து என் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சாப்பாடு ஓட்டலில், தேநீருக்குத் தினமும் அங்கே போய் மணியடித்துக் காத்து நிற்கிறேன். இதற்கெல்லாம் நீதான் பொறுப்பு. உடனே வந்து அவனைத் திரும்ப என் வீட்டில் கொண்டுவந்து விடு.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். போன முறை என் மூக்குக் கண்ணாடி மேல் உட்கார்ந்த உன் மகனுக்கு மட்டும் கொஞ்சம் குறைவாக.

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் செய்து தொலைக்காதே. அவன் நன்றாக இருக்கிறான். எனக்குப் பிறகு இவன் கதி என்ன என்று, படுத்தால் நெஞ்சின் மேல் ஏறி உட்காருமே ஒரு பாரம், அது இப்போது வருவதில்லை. குமிழ் கடையில் கிடைக்கும், தெரியும். வாங்கப் போவதில்லை. அவன் டீயில் சர்க்கரை தூக்கல். அதை அவனிடம் சொல்லிவிடாதே. இதில் கையெழுத்துப் போட்டால், நீ சொன்னதுதான் சரி என்று நான் ஒப்புக்கொண்டதாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எடுத்துக் காட்டுவாய். அந்தச் சந்தோஷத்தை உனக்குத் தருவதாக இல்லை. பெயர் போடாமலேயே தபாலில் சேர்க்கிறேன்.