அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், மாப்பிள்ளை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொள்கிறேன், விசாரிக்க நேரமில்லை. இங்கே நானும் நலம், உங்கள் அத்தையும் நலம். ஆனால் தனித்தனியாக நலம். அவள் டிவி இருக்கும் முன்னறையில் நலம், நான் சமையலறை ஸ்டூலில் நலம். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். தியேட்டர் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை இது. நான் போனில் ரகசியம் சொன்னால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

நீங்கள் வாங்கி மாட்டிக் கொடுத்த பெரிய டிவிக்கும், அதில் ஏற்றிக் கொடுத்த நாற்பத்திரண்டு பழைய படங்களுக்கும் முதலில் நன்றி. எல்லாம் நான் தியேட்டரில் ஓட்டிய படங்கள் என்று மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தேடித் தேடிச் சேர்த்தீர்களாம். பார்த்துவிட்டு மாமாவின் அபிப்பிராயத்தை எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். என் அபிப்பிராயம், இந்த வயதில் ஒரு மனிதனுக்கு இப்படி ஒரு பரிசு கொடுக்கக் கூடாது என்பதுதான்.

விஷயத்தை விளக்கிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் நான் ஆபரேட்டர். நான் அத்தனை படத்தையும் பார்த்தவன் என்று எல்லாரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கேபினில் இரண்டு மெஷின். ஒன்றில் ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மூலையில் ஒரு பொட்டு தெரியும், உடனே எழுந்து மற்ற மெஷினை ஓடவிட வேண்டும். அப்புறம் முடிந்த ரீலைக் கழற்றிச் சுற்ற வேண்டும், அடுத்ததை மாட்ட வேண்டும், மெஷின் விளக்கில் எரியும் கார்பன் குச்சியைச் சரிசெய்ய வேண்டும். இதெல்லாம் முடித்து ஜன்னல் ஓட்டையில் கண்ணை வைத்தால் கதை எங்கேயோ போயிருக்கும். ஒவ்வொரு படத்திலும் ஏழெட்டு இடத்தில் இப்படிப் பள்ளம். வீட்டுக்கு வந்து உங்கள் அத்தைக்குக் கதை சொல்லும்போது அந்தப் பள்ளத்தை நானே மண் போட்டு மூடிவிடுவேன். மண் கொஞ்சம் தாராளமாகவே விழுந்துவிட்டது என்பது இப்போதுதான் தெரிகிறது.

முதல் நாள் பார்த்தது அண்ணன் தங்கை படம். மூன்றாவது ரீலில் வாய் ஓயாமல் பேசிய தங்கை, நான் கார்பனை மாற்றிவிட்டு நிமிர்ந்தபோது ஊமையாகியிருந்தாள். எப்படி என்று உங்கள் அத்தை கேட்டபோது, மரத்திலிருந்து விழுந்துவிட்டாள் என்று அன்றைக்குச் சொல்லிவைத்தேன். அந்தப் பெண்ணை நினைத்து எத்தனை நாள் கண் கலங்கினாளோ தெரியாது. போன வாரம் பார்த்தால் மரமும் இல்லை ஒன்றும் இல்லை, கொலைகாரனைப் பிடிப்பதற்காக அவள் ஊமையாக நடிக்கிறாளாம். உங்கள் அத்தை திரையைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "மரம் எங்கங்க?" என்று ஒரே ஒரு கேள்வி. அந்த நேரம் பார்த்து மூலையில் பொட்டு தெரிந்தது, நான் பழக்கதோஷத்தில் எழுந்து டிவிக்குப் பின்னால் ஓடிவிட்டேன். அங்கே சுவர்தான் இருந்தது.

மறுநாள் வக்கீல் படம். செத்துப்போன அப்பா கடைசியில் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லும் படம். அதை நான் முப்பது வருஷமாகப் பேய்ப்படம் என்றே சொல்லிவந்திருக்கிறேன், பேயின் சாட்சியை ஜட்ஜ் ஒப்புக்கொண்டதுதான் படத்தின் குறை என்று டிக்கெட் கொடுப்பவரிடம் விவாதமே செய்திருக்கிறேன். பார்த்தால் அவர் அப்பாவே இல்லை, அப்பாவின் இரட்டைச் சகோதரர். அவர் அறிமுகமாகும் காட்சி சரியாக இரண்டாம் பொட்டுக்கு அப்புறம் வருகிறது. பேய்ப்படம் என்று நான் சொன்னதைக் கேட்டு ஒரு மாசம் விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கியவள் உங்கள் அத்தை. பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தியவள் இல்லையா, அலமாரியிலிருந்து பழைய சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டாள். ஒரு நோட்டில் படம், நான் சொன்ன கதை, உண்மைக் கதை, மதிப்பெண் என்று கோடு போட்டு எழுதிவருகிறாள். இதுவரை எனக்கு அதிகபட்சம் பத்துக்கு மூன்று. அதுவும் கையெழுத்துக்குக் கொடுப்பதுபோல் முயற்சிக்குக் கொடுத்தாளாம்.

ஒரு நல்லதும் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சண்டைப் படத்தில் நாயகன் மாடியிலிருந்து குதிக்கும்போது நீலச் சட்டை, தரைக்கு வந்து சேரும்போது பழுப்புச் சட்டை. அன்றைக்கு நான் ரீலை மாற்றி மாட்டிவிட்டேன் என்று மேனேஜர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. படத்தையே அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை. அந்த இடத்தை நான்கு முறை போட்டுப் பார்த்தேன். மேனேஜர் இருந்திருந்தால் அவரையும் உட்காரவைத்துக் காட்டியிருப்பேன்.

இப்போது அவசரத்துக்கு வருகிறேன். பட்டியலில் இருபத்தேழாவதாக ஒரு ரயில் படம் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கப்போவதாக உங்கள் அத்தை சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை, அது கூடாது.

உங்கள் மனைவி ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது நடந்தது இது. எனக்குத் தினமும் நான்கு காட்சி. வீட்டில் நான் இருப்பதும் ஒன்றுதான், சுவரில் மாட்டிய காலண்டர் இருப்பதும் ஒன்றுதான். உங்கள் அத்தைக்கு அவளுடைய அக்கா இருக்கும் ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், இந்த மனுஷன் வந்தால் வரட்டும் என்று நினைத்துவிட்டாள். அதைச் சொல்லத்தான் அன்று தியேட்டருக்கு வந்தாள் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. காட்சி முடியட்டும் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். படத்திலும் ஒரு பெண், வீடு தங்காத புருஷன், கையில் பெட்டி, ரயில் நிலையம். கடைசி ரீல் தொடங்கும்போது குழந்தை அழுததால் வெளியே வந்துவிட்டாள். நான் படப்பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு இறங்கியபோது இரும்புப் படியின் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு போயிட்டாளாங்க?" என்று கேட்டாள்.

நான் எங்கே பார்த்தேன், ரீல் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் கேட்ட விதத்தில் எனக்கு என்னமோ செய்தது. "ரயில் கிளம்பிடுச்சு. ஆனா அவ இறங்கிட்டா" என்று சொன்னேன்.  அப்புறம் "சரி, வாங்க, சாப்பிடலாம்" என்றாள். அவ்வளவுதான். மாற்றல் உத்தரவைக் கிழித்துப் போட்டுவிட்டாள்.

மறுநாள் காட்சியில் சுற்ற வேண்டிய ரீலைச் சுற்றாமல் ஜன்னலிலேயே நின்று பார்த்தேன். அந்தப் பெண் இறங்கவில்லை, மாப்பிள்ளை. ரயில் போகிறது, அவளும் போகிறாள், ஜன்னல் வழியாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல படம்தான். என் வாழ்க்கையில் என்னை இவ்வளவு பயமுறுத்திய படம் வேறு கிடையாது. மற்றப் படங்களில் பத்துக்கு மூன்று வாங்கியவன் இதில் பூஜ்யம் வாங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பொய்யை நம்பி ஒரு வாழ்க்கையையே இங்கே வைத்துவிட்டாள். அதை எந்த முகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன்?

உங்கள் செல்போனிலிருந்தே பட்டியலில் படத்தைச் சேர்க்கவும் எடுக்கவும் முடியும் என்று சொன்னீர்கள். சனிக்கிழமைக்குள் அந்த இருபத்தேழை எடுத்துவிடுங்கள். கேட்டால் கம்பெனிக்காரன் எடுத்துவிட்டான் என்று சொல்லிக்கொள்கிறேன், பொய் சொல்வதில் நமக்கு அனுபவம் உண்டு. என் முழங்கால் இன்று படி இறங்க மறுப்பதால் கடிதத்தை உங்கள் அத்தையிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். பயப்பட வேண்டாம். உறையை நன்றாக ஒட்டிவிட்டேன், அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

பேத்தி நன்றாகப் படித்து, நல்ல பெயர் எடுத்து, யாருக்கும் சினிமாக் கதை சொல்லாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
உங்கள் மாமா.

பின்குறிப்பு:

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது. வகுப்பில் பிள்ளைகள் மடித்து அனுப்பும் காகிதங்களை முப்பது வருஷம் பிரித்துப் படித்தவள் நான். இந்தப் பசை எந்த மூலைக்கு. கடிதத்தில் ஒன்பது எழுத்துப் பிழைகள் இருந்தன, திருத்திவிட்டேன்.

ஒரு தகவல் பிழையும் இருக்கிறது. அந்தப் படத்தை நான் அடுத்த புதன்கிழமையே எங்கள் தலைமையாசிரியையோடு பகல் காட்சியில் பார்த்துவிட்டேன். கேபின் ஜன்னலிலிருந்து தெரியக் கூடாது என்று முன் வரிசையில் உட்கார்ந்தோம், இரண்டு நாள் கழுத்து வலித்தது. அந்தப் பெண் போய்விட்டாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். மாற்றல் உத்தரவைக் கிழித்தது அதற்கு மறுநாள், வியாழக்கிழமை. கை நிறையக் கரியோடு படியில் நின்று, எனக்காக ஓடுகிற ரயிலிலிருந்தே அவளை இறக்கிவிட்ட மனுஷனை விட்டுவிட்டு எங்கே போவது?

படத்தை எடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கப்போகிறேன். கடைசி அரை மணி நேரம் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வேன். படம் முடிந்ததும் எழுந்து, "அந்தப் பொண்ணு போயிட்டாளாங்க?" என்று கேட்பேன். சிவப்புப் பேனாவில் மை இருக்கிறது. சரியான பதில் சொன்னால் பத்துக்குப் பத்து போடுவதாக இருக்கிறேன். எது சரியான பதில் என்று அவருக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.